கோப்புப் பகிர்வு வேலை செய்யாதபோது எங்கிருந்து தேடுவது?

யூனிக்ஸ் வகைச் சர்வர் ஒன்றில் ஓர் அடைவைப் பகிர்ந்து வைத்துவிட்டு, இன்னொரு கணினியிலிருந்து அதைத் திறக்க முயலும்போது ‘பெர்மிஷன் டினைடு’ என்ற செய்தி வந்தால், பெரும்பாலோர் முதலில் செய்வது அந்த அடைவின் அனுமதியை 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) என்று மாற்றிப் பார்ப்பதுதான். அது பலிக்காவிட்டால் ஃபயர்வாலை நிறுத்துவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் சர்வரையே மறுதொடக்கம் செய்வார்கள். இவற்றில் ஏதோ ஒன்றில் பகிர்வு வேலை செய்யத் தொடங்கிவிட்டாலும், எது பழுதாக இருந்தது என்பது கடைசி வரை தெரியாது. பாதுகாப்புக்காக இருந்த இரண்டு மூன்று தடைகள் மட்டும் திறந்தபடியே கிடக்கும்.

இதற்குக் காரணம் அறியாமை அன்று. கோப்புப் பகிர்வு என்பது ஒரே இடத்தில் தீர்மானிக்கப்படும் செயல் அல்ல என்பதை யாரும் தொடக்கத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை. கிளையன்ட் கணினி, அதாவது பகிர்வைத் திறக்க முயலும் கணினி, அனுப்பும் ஒரு கோரிக்கை முதலில் நெட்வொர்க்கைக் கடக்க வேண்டும். பிறகு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சேவை ஒன்று சர்வரில் இயங்க வேண்டும். அந்தச் சேவை தன் பகிர்வுப் பட்டியலில் இந்தக் கிளையன்டுக்கு இடம் உண்டா என்று பார்க்கும். இடம் இருந்தால், கேட்பவர் எந்தப் பயனர் என்று முடிவு செய்யும். இறுதியாக, அந்தப் பயனருக்குக் கோப்பின்மீது அனுமதி உண்டா என்று சர்வரின் கோப்பு முறைமை தீர்ப்புச் சொல்லும். இந்தப் படிகளில் எதிலும் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஆகவே பழுது தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எதை மாற்றலாம்’ என்பதன்று. ‘என் கோரிக்கை எதுவரை போனது, திருப்பி அனுப்பியது யார்’ என்பதே. திரையில் வரும் பிழைச் செய்தி, கவனித்துப் படித்தால், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

இந்தக் கட்டுரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) எனப்படும் நெறிமுறையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய இந்த நெறிமுறைதான் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பரவலாகப் பயன்படுத்துவது. விண்டோஸ் கணினிகளும் சேர்ந்துகொள்ளும் இடங்களில் சாம்பா என்ற மென்பொருள் பயன்படுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம். தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நெட்வொர்க்கும் சேவையும்

முதல் படியில் மூன்று பிழைச் செய்திகளை வேறுபடுத்தி அறிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனடியாக வந்தால், கோரிக்கை சர்வர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் கேட்கப்பட்ட போர்ட்டில் (சேவைக்குரிய எண்ணிட்ட வாசலில்) எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை என்பதே பொதுவாக அதன் பொருள். அதாவது என்எஃப்எஸ் சேவை தொடங்கப்படவில்லை, அல்லது தொடங்கும்போதே விழுந்துவிட்டது. நெடுநேரம் எதுவும் நடக்காமல் இருந்து கடைசியில் ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’ என்று வந்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் கோரிக்கையைப் பதில் சொல்லாமல் விழுங்குகிறது, அல்லது ஐபி முகவரியே தவறு. மூன்றாவது செய்தி தொடக்கநிலையினரை மிகவும் குழப்புவது: ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’. பெயரைப் பார்த்தால் சர்வருக்கு வழியே இல்லை என்று தோன்றும். ஆனால் அதே சர்வருக்குப் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பினால் பதில் ஒழுங்காக வரும். இந்த முரண்பாட்டின் விளக்கம் எளியது. சர்வரில் உள்ள ஃபயர்வால், அனுமதிக்கப்படாத போர்ட்டுக்கு வரும் கோரிக்கையை விழுங்காமல் ‘இங்கே வரத் தடை’ என்று ஐசிஎம்பி எனப்படும் நெட்வொர்க் அறிவிப்புச் செய்தியாகத் திருப்பி அனுப்பும்போது, கிளையன்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை இந்தச் சொற்களில்தான் நமக்குச் சொல்கிறது. எனவே பிங் வேலை செய்தும் இந்தச் செய்தி வந்தால், கேபிளையும் ரௌட்டரையும் ஆராய்ந்து நேரத்தைச் செலவிடாமல் நேராகச் சர்வரின் ஃபயர்வால் விதிகளைப் பார்க்க வேண்டும்.

எந்தப் போர்ட்டைத் திறப்பது என்பது என்எஃப்எஸ் பதிப்பைப் பொறுத்தது. நான்காம் பதிப்புக்கு டிசிபி 2049 என்ற ஒரே போர்ட் போதும். 1995இல் வரையறுக்கப்பட்டு இன்றும் பல இடங்களில் புழங்கும் மூன்றாம் பதிப்புக்கு 2049 மட்டும் போதாது. 111ஆம் போர்ட்டில் இயங்கும் ஆர்பிசிபைண்ட் என்ற சேவையும், மவுண்ட் கோரிக்கைகளை, அதாவது பகிர்வைக் கிளையன்டின் ஓர் அடைவில் இணைக்கும் கோரிக்கைகளை, கவனிக்கும் மவுண்ட்டி சேவையும், கோப்புப் பூட்டுகளுக்கான வேறு இரண்டு சேவைகளும் வேண்டும். இவற்றில் ஆர்பிசிபைண்ட் தவிர மற்றவை, நாம் நிலையான எண்ணைக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வெவ்வேறு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளக்கூடும். நேற்று வரை இயங்கிய பகிர்வு சர்வரை மறுதொடக்கம் செய்ததும் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டாயம் ஏதும் இல்லாவிட்டால் நான்காம் பதிப்பையே பயன்படுத்துவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஃபயர்வாலில் ஒரே விதியோடு வேலை முடிந்துவிடுகிறது என்பதே அதற்குப் போதுமான நியாயம்.

சோதிக்கும் முறை இதுதான். சர்வரில் ‘எஸ்எஸ்’ கட்டளையை ‘-டிஎல்என்’ தெரிவுகளுடன் இயக்கினால், எந்தெந்த டிசிபி போர்ட்டுகளில் சேவைகள் காத்திருக்கின்றன என்பது தெரியும். பட்டியலில் 2049 இல்லையென்றால் பழுது சேவையில் இருக்கிறது. நெட்வொர்க்கைத் தொட வேண்டாம். இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் 127.0.0.1 என்ற முகவரி நிற்கிறது என்றால், சேவை சர்வருக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கிறது. இரண்டும் சரியாக இருந்தால், கிளையன்டிலிருந்து ‘என்சி’ கட்டளையைக் கொண்டு அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கலாம். அது திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நெட்வொர்க் குற்றவாளி அல்ல என்று முடிவு செய்து அடுத்த படிக்குப் போய்விட வேண்டும். மீண்டும் இங்கே திரும்பி வரக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஷோமவுண்ட்’ என்ற கட்டளை சர்வர் எதையெல்லாம் பகிர்கிறது என்று காட்டும் என்பதால் பலரும் அதை முதல் சோதனையாக இயக்குகிறார்கள். அது மூன்றாம் பதிப்புக்குரிய மவுண்ட்டி சேவையிடம் கேட்டுச் சொல்லும் கட்டளை. நான்காம் பதிப்பை மட்டும் வழங்கும் சர்வரிலோ, 2049 மட்டும் திறந்திருக்கும் சர்வரிலோ, பகிர்வு நலமாக இருக்கும்போதே அது பிழை காட்டும். அந்தப் பிழையை நம்பி இல்லாத நோய்க்கு மருந்து தேட வேண்டியதில்லை.

அதேபோல், மவுண்ட் செய்யும்போது ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்’ என்று தொடங்கும் நீண்ட செய்தி வந்தால், பல நேரங்களில் கோரிக்கை கிளையன்டை விட்டே வெளியேறவில்லை. என்எஃப்எஸ் மவுண்ட் செய்வதற்கான துணைநிரல் கிளையன்டில் நிறுவப்பட்டிருக்காது. டெபியன், உபுண்டு கணினிகளில் என்எஃப்எஸ்-காமன் என்ற தொகுப்பும், ரெட் ஹாட் குடும்பத்தில் என்எஃப்எஸ்-யுடில்ஸ் என்ற தொகுப்பும் அதைத் தருகின்றன.

பகிர்வுப் பட்டியல்

சேவை இயங்குகிறது, போர்ட் திறந்திருக்கிறது, ஆனாலும் ‘ஆக்சஸ் டினைடு பை சர்வர் வைல் மவுண்டிங்’ என்று வருகிறது என்றால், கோரிக்கை பகிர்வுப் பட்டியல் வரை போய் அங்கே நிராகரிக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் அந்தப் பட்டியல் ஈடிசி அடைவில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பு. ஒவ்வொரு வரியிலும் முதலில் பகிரப்படும் அடைவு, பிறகு அதைப் பயன்படுத்தக்கூடிய கணினிகள், ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதற்கான தெரிவுகள் என்ற அமைப்பில் அது எழுதப்படுகிறது. பார்ப்பதற்கு எளியதாக இருக்கும் இந்தக் கோப்பில் ஒரே ஓர் இடைவெளி எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கிட்ட நின்று பார்ப்பது பயனுள்ளது.

/பகிர்வு 192.168.1.25(ஆர்டபிள்யூ)

/பகிர்வு 192.168.1.25 (ஆர்டபிள்யூ)

முதல் வரி, 192.168.1.25 என்ற கணினிக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமை தருகிறது. இரண்டாவது வரியில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. இப்போது என்எஃப்எஸ் இதை இரண்டு தனித்தனிப் பதிவுகளாகப் படிக்கிறது: முகவரிக்குத் தெரிவு எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே அந்தக் கணினிக்கு இயல்பான உரிமையான படிக்கும் உரிமை மட்டும், அடைப்புக்குறிக்கு முன்னால் கணினி எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே உலகில் உள்ள மற்ற எல்லாக் கணினிகளுக்கும் எழுதும் உரிமை. நாம் நம்பிய கணினியால் எழுத முடியாது. நாம் அறியாத கணினிகளால் எழுத முடியும். நமக்குத் தெரியவருவது முதல் பாதி மட்டுமே என்பதுதான் இதில் கவலைக்குரியது. ‘என்னால் எழுத முடியவில்லையே’ என்று தேடிக்கொண்டிருப்பவர், பகிர்வு ஊருக்கே திறந்து கிடப்பதைக் கவனிப்பதில்லை.

கண்ணால் படித்து இந்த வகைத் தவறுகளைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே கோப்பில் நாம் எழுதியதை நம்பாமல், சர்வர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் கேட்க வேண்டும். ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ்’ கட்டளையை ‘-வி’ தெரிவுடன் இயக்கினால், நடப்பில் உள்ள ஒவ்வொரு பகிர்வும், எந்தக் கணினிக்கு என்பதும், நாம் எழுதாமலேயே பொருந்தும் இயல்பான தெரிவுகளும் முழுமையாகத் தெரியும். மேலே சொன்ன இரண்டாவது வரிக்கு, எல்லோருக்குமான பதிவு ஒன்று தனியாக அங்கே நிற்பது உடனே கண்ணில் படும். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திருத்திய பிறகு அதே கட்டளையை ‘-ஆர்ஏ’ தெரிவுடன் இயக்கினால்தான் திருத்தம் நடப்புக்கு வரும் என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும். கோப்பைச் சரியாகத் திருத்திவிட்டு இந்தக் கட்டளையை இயக்க மறந்து, திருத்தமே தவறு என்று எண்ணிப் பழையபடி மாற்றிவிடுபவர்கள் உண்டு.

பட்டியலில் வேறு மூன்று இடங்களிலும் சிக்கல் வரும். கணினியை ஐபி முகவரியால் குறிக்காமல் பெயரால் குறித்திருந்தால், அந்தப் பெயரும் வந்திருக்கும் கிளையன்டின் முகவரியும் பொருந்துவதைச் சர்வர் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு பழையதாகவோ தவறாகவோ இருந்தால் கிளையன்ட் அந்நியராகக் கருதப்படும். ஐயம் இருந்தால், சோதனைக்காகப் பெயருக்குப் பதிலாக முகவரியை எழுதிப் பார்ப்பது குறுகிய வழி. இரண்டாவது, ஒரே கிளையன்ட் இரண்டு பதிவுகளுக்குப் பொருந்தும் நிலை. முழு நெட்வொர்க்குக்கும் எழுதும் உரிமையும் ஒரு தனிக் கணினிக்குப் படிக்கும் உரிமையும் கொடுக்கப்பட்டிருந்தால், வரியில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், தனிக் கணினிக்கான பதிவே வெல்லும். மூன்றாவது, கோரிக்கை புறப்படும் போர்ட் எண். இயல்பாக, 1024க்குக் குறைந்த போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே லினக்ஸ் சர்வர் ஏற்கும். மேக் கணினிகளும், முகவரியை மாற்றி அனுப்பும் ரௌட்டருக்குப் பின்னால் உள்ள மெய்நிகர் கணினிகளும் உயர்ந்த எண்ணுள்ள போர்ட்டிலிருந்து பேசுவதால் நிராகரிக்கப்படுவதுண்டு. மூன்றாம் பதிப்பில் சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில் ‘இல்லீகல் போர்ட்’ என்றே மவுண்ட்டி எழுதிவைக்கும். பட்டியலில் பெயர் பொருந்தாவிட்டால் ‘அன்மேட்ச்டு ஹோஸ்ட்’ என்று எழுதும். கிளையன்டின் திரையில் இரண்டுக்கும் ஒரே செய்திதான் வரும். சர்வரின் லாக் கோப்பில்தான் வேறுபாடு இருக்கிறது.

எந்தப் பிழையும் இல்லாமல் மவுண்ட் ஆகி, ஆனால் அடைவு காலியாகத் தெரிந்தால், பகிரப்பட்ட இடத்தில் சர்வரின் வேறொரு வட்டு மவுண்ட் செய்யப்பட வேண்டியிருந்ததா என்று பார்க்க வேண்டும். சர்வர் தொடங்கும்போது அந்த வட்டு இணையாமல் போனால், அதற்காக வைக்கப்பட்டிருந்த வெறும் அடைவே பகிரப்படும். அதில் பயனர்கள் எழுதும் கோப்புகள் சர்வரின் முதன்மை வட்டில் போய் நிரம்பும். ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தால், வட்டு உண்மையிலேயே இணைந்திருந்தால் மட்டுமே சர்வர் அதைப் பகிரும். பகிரப்பட்ட அடைவுக்குள்ளே இன்னொரு வட்டு மவுண்ட் ஆகியிருந்து, அந்த உள்ளடைவு மட்டும் காலியாகத் தெரிந்தால், தேவைப்படுவது ‘கிராஸ்மவுண்ட்’ எனப்படும் தெரிவு.

ஃப்ரீபிஎஸ்டி சர்வரை நிர்வகிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் கோப்பின் பெயர் அதேதான், ஆனால் எழுதும் முறை வேறு: அடைப்புக்குறிகள் கிடையாது; ஒரே கோப்பு முறைமையில் உள்ள பல அடைவுகளை ஒரே கிளையன்டுக்குப் பகிர்வதானால் அவை ஒரே வரியில் இருக்க வேண்டும். லினக்ஸுக்கான எடுத்துக்காட்டுகளை அப்படியே அங்கே நகலெடுத்தால் வேலை செய்யாது.

யார் என்று சொல்லும் எண்

மவுண்ட் ஆகிவிட்டது, கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன, ஆனால் திறக்கவோ எழுதவோ முடியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் மிகுதியான நேரம் வீணாகிறது. ஆகவே சற்று நின்று பார்க்கலாம்.

பயனர்கள் தம்மைப் பெயரால் அறிகிறார்கள். கெர்னல் அவர்களை எண்ணால் அறிகிறது. வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையுடனும் பயனரின் எண்ணையும் அவர் சேர்ந்திருக்கும் குழுக்களின் எண்களையும் அனுப்புகிறது. கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. சர்வர் அந்த எண்ணை அப்படியே நம்பி, தன்னிடமுள்ள கோப்பின் உரிமையாளர் எண்ணோடு ஒப்பிடுகிறது. கிளையன்டில் மலர் என்ற பயனரின் எண் 1001, சர்வரில் மலரின் எண் 1003, சர்வரில் 1001 என்ற எண் கதிர் என்பவருக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். கிளையன்டிலிருந்து மலர் எழுதும் கோப்புகள் சர்வரில் கதிருக்கு உரியவையாகப் பதிவாகும். மலர் தன் சொந்தக் கோப்பைத் திறக்க முயன்றால் மறுக்கப்படுவார். கதிரின் கோப்புகளோ அவருக்குத் திறக்கும். பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ‘எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டிருப்போம். ‘ஐடி’ கட்டளையை இரண்டு கணினிகளிலும் இயக்கி எண்களை ஒப்பிடுவதும், ‘எல்எஸ்’ கட்டளையுடன் ‘-எல்என்’ தெரிவைச் சேர்த்துக் கோப்புகளைப் பெயரில்லாமல் எண்களோடு பார்ப்பதும் இதை ஒரு நிமிடத்தில் வெளிப்படுத்திவிடும். நிலையான தீர்வு, எல்லாக் கணினிகளிலும் பயனர் எண்களை ஒன்றாக்குவது. கணினிகள் பெருகினால் எல்டாப் போன்ற மையப் பயனர் அடைவு ஒன்றை வைத்துக்கொள்வது.

எல்லா உரிமையும் கொண்ட நிர்வாகியான ரூட் பயனரின் நிலை தனி. கிளையன்டின் ரூட் பயனர் சர்வரிலும் எல்லாம் வல்லவராக இருந்தால் ஆபத்து என்பதால், எண் 0 உடன் வரும் கோரிக்கைகளை ‘நோபடி’ என்ற பெயருள்ள, பொதுவாக 65534 என்ற எண் கொண்ட, எந்த உரிமையும் இல்லாத பயனராக மாற்றுவது சர்வரின் இயல்பு. இதற்கு ரூட் ஸ்குவாஷ் என்று பெயர். ஆகவே கிளையன்டில் ரூட்டாக இருந்துகொண்டு பகிர்வில் எழுதிப் பார்த்து, முடியவில்லை என்று முடிவு கட்டுவது தவறான சோதனை. சாதாரணப் பயனராகவே சோதிக்க வேண்டும். இந்தக் காப்பை நீக்கும் ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ என்ற தெரிவைப் பலர் மருந்துபோலப் பரிந்துரைக்கிறார்கள். அதை இட்டுவிட்டால், கிளையன்ட் ஒன்றில் ரூட் உரிமை பெற்ற எவரும் பகிர்வில் உள்ள யாருடைய கோப்பையும் மாற்றலாம். ரூட்டாக இயங்கும் நிரல் ஒன்றையும் அங்கே வைத்துவிட்டுப் போகலாம். அது உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் சில உண்டு, ஆனால் பழுது தேடும் நேரத்தில் இடவேண்டிய தெரிவு அது அன்று.

நான்காம் பதிப்பில் எல்லாக் கோப்புகளும் ‘நோபடி’க்கு உரியவையாகத் தெரியும் நிலை ஒன்று உண்டு. அந்தப் பதிப்பு கோப்பின் உரிமையாளரைப் பெயரும் டொமைனும் சேர்ந்த வடிவில் சொல்லக்கூடியது. சர்வரிலும் கிளையன்டிலும் பெயர்களை எண்களோடு பொருத்தும் ஐடிமேப்டி சேவையின் அமைப்புக் கோப்பில் உள்ள டொமைன் பெயர் வேறுபட்டால், பெயர் பொருந்தாமல் நோபடி என்று காட்டப்படும். இங்கே கவனிக்க வேண்டியது, வழக்கமான எண் வழி அடையாளத்தில், காட்டப்படும் பெயர் வேறு, அனுமதியைத் தீர்மானிக்கும் எண் வேறு. நோபடி என்று தெரியும் கோப்பிலும் எழுத முடிவதுண்டு. பெயர் சரியாகத் தெரியும் கோப்பில் எழுத முடியாமல் போவதும் உண்டு.

மிகப் பல குழுக்களில் உறுப்பினராக உள்ள ஒருவருக்கு மட்டும் சில அடைவுகள் திறக்காமல் போனால் 16 என்ற எல்லையை நினைக்கலாம். எண் வழி அடையாளத்தில் ஒரு கோரிக்கையோடு 16 குழுக்களுக்கு மேல் அனுப்ப இடமில்லை, மீதமுள்ளவை விடுபட்டுப்போகும். மவுண்ட்டி சேவையை ‘மேனேஜ் ஜிஐடிஸ்’ என்ற தெரிவுடன் இயக்கினால், கிளையன்ட் சொல்வதை விட்டுவிட்டுச் சர்வர் தானே குழுக்களைத் தேடிக்கொள்ளும்.

சர்வரிலேயே சோதிப்பது

எண்கள் பொருந்திய பிறகும் மறுப்பு வந்தால், நெட்வொர்க்கை முற்றிலும் விலக்கிவிட்டு, சர்வரிலேயே ‘சூடோ -யூ’ மூலம் அந்தப் பயனராக மாறி, பகிரப்பட்ட அடைவில் ஒரு கோப்பை உருவாக்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. அங்கேயே மறுக்கப்பட்டால் பகிர்வுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது சாதாரணக் கோப்பு அனுமதிச் சிக்கல். ‘நேம்ஐ’ கட்டளையை ‘-எல்’ தெரிவுடன் இயக்கினால், மூல அடைவிலிருந்து அந்தக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாகத் தெரியும். நடுவில் ஏதோ ஓர் அடைவில் உள்ளே நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் என்ற எழுத்து, இல்லாமல் இருப்பது புலப்படும். அந்த ஒரு படியைச் சரிசெய்தால் போதும். 777 என்பது அந்த ஒரு படியைத் தேடச் சோம்பி, எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது.

உள்ளூரில் எழுத முடிந்து, பகிர்வு வழியாக மட்டும் முடியாமல் போனால், எஸ்இலினக்ஸ் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண அனுமதிகளுக்கு மேலே இன்னொரு அடுக்காக இயங்கும் இது, எந்தச் சேவை எந்தக் கோப்பைத் தொடலாம் என்று தனியாகத் தீர்மானிக்கிறது. தடுத்தால் தணிக்கை லாக் கோப்பில் ‘டினைடு’ என்று ஒரு வரி எழுதுகிறது. ‘செட்இன்ஃபோர்ஸ் 0’ என்று சற்று நேரம் தளர்த்திச் சோதித்து, காரணம் இதுதான் என்று தெரிந்ததும் உடனே ‘செட்இன்ஃபோர்ஸ் 1’ என்று திருப்பிவிட்டு, அந்த அடைவுக்குரிய சரியான எஸ்இலினக்ஸ் அடையாளத்தை (லேபிளை) கொடுப்பதே முறை. சாம்பா பகிர்வுகளில் அந்த அடையாளத்தின் பெயர் ‘சாம்பா ஷேர் டி’.

உறைந்து நிற்பதும் பழைய கைப்பிடியும்

எந்தப் பிழையும் வராமல், பகிர்வைத் தொட்ட நிரல் அப்படியே உறைந்து நின்றால், சர்வர் பதில் சொல்லவில்லை என்பது பொருள். என்எஃப்எஸ் மவுண்டின் இயல்பு ‘ஹார்ட்’ என்ற முறை: சர்வர் திரும்பி வரும் வரை கிளையன்ட் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கெர்னல் லாக்கில் ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்’ என்ற வரி இருக்கும். ‘டிஎஃப்’ கட்டளைகூட உறைந்துவிடும். ‘-எல்’ சேர்த்தால் உள்ளூர் வட்டுகளை மட்டும் பார்க்கும். ‘சாஃப்ட்’ முறைக்கு மாற்றினால் உறையாது என்று ஆலோசனை சொல்பவர்கள், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் பிழையோடு முடிந்து தரவு கெடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதும் பகிர்வுகளுக்கு ஹார்ட் முறைதான் சரி; சர்வர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதே கேள்வி.

‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்பது வேறு கதை. கிளையன்ட் கோப்புகளைப் பாதையால் அன்றி, சர்வர் கொடுத்த அடையாளக் கைப்பிடியால் நினைவில் வைத்திருக்கிறது. சர்வரில் அந்த அடைவு அழிக்கப்பட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கப்பட்டாலோ, வட்டு மாற்றப்பட்டாலோ, பழைய கைப்பிடி செல்லாது. பகிர்வை நீக்கி மீண்டும் மவுண்ட் செய்தால் புதிய கைப்பிடி கிடைக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் இது நேர்ந்தால், பட்டியலில் ‘எஃப்எஸ்ஐடி’ என்ற தெரிவால் அந்தக் கோப்பு முறைமைக்கு நிலையான எண் ஒன்றைக் கொடுக்கலாம்.

பழுதென்று தோன்றினாலும் பழுதல்லாத ஒன்றும் உண்டு. ஒரு கிளையன்டில் உருவாக்கிய கோப்பு இன்னொன்றில் உடனே தெரியாமல் சில நொடிகள் கழித்துத் தெரிவது, கிளையன்ட் கோப்புகளின் விவரங்களைத் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்வதால் நிகழ்வது. லினக்ஸில் அதன் இயல்பான உச்ச அளவு 60 நொடி. அது வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

சாம்பா என்றால்

சாம்பாவிலும் படிகள் அவையே, பெயர்கள்தான் மாறுகின்றன. போர்ட் 445. பட்டியல் எஸ்எம்பி.கான்ஃப் என்ற கோப்பு. சர்வர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைச் சொல்லும் கட்டளை ‘டெஸ்ட்பார்ம்’. இதை இயக்கிப் பார்க்காமல் அந்தக் கோப்பை நம்பக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அந்தக் கோப்பில் குறிப்புகளை வரியின் தொடக்கத்தில் மட்டுமே எழுதலாம். ஒரு மதிப்பை எழுதிவிட்டு அதே வரியில் # குறியிட்டுக் குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பும் மதிப்பின் பகுதியாகிவிடும்.

பெரிய வேறுபாடு அடையாளத்தில் இருக்கிறது. சாம்பா பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, ஆனால் தனித்து இயங்கும் சர்வரில் அது கணினியின் கடவுச்சொல் அன்று. சாம்பா தனக்கென வைத்திருக்கும் பட்டியலில் உள்ளது. ஒருவருக்குச் சர்வரில் கணக்கு இருந்தும் ‘லாகான் ஃபெயிலியர்’ வந்தால், ‘எஸ்எம்பிபாஸ்வேர்டு -ஏ’ மூலம் அந்தப் பட்டியலில் அவர் சேர்க்கப்பட்டாரா என்று ‘பிடிபிஎடிட் -எல்’ கட்டளையால் பார்க்க வேண்டும். ‘பேட் நெட்வொர்க் நேம்’ என்றால் பகிர்வின் பெயர் தவறு, அல்லது அது சுட்டும் அடைவு கிடைக்கவில்லை. ‘ஆக்சஸ் டினைடு’ என்றால் பயனர் அறியப்பட்டுவிட்டார், உரிமைதான் இல்லை. பகிர்வு இயல்பாகவே படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும் என்பதையும், பட்டியல் இசைந்தாலும் கோப்பின் யூனிக்ஸ் அனுமதியும் இசைய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய ஸ்கேனர், பழைய நகலெடுக்கும் இயந்திரம் போன்றவை சர்வரைப் புதுப்பித்த பிறகு பகிர்வில் எழுத முடியாமல் போவதுண்டு. 2019இல் வெளிவந்த சாம்பா 4.11 முதல், சாம்பா பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதலாம் பதிப்பு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. 2017இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது விண்டோஸில் அந்தப் பதிப்பைக் கையாண்ட நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே ஓர் இயந்திரத்துக்காக அதை மீண்டும் இயக்குவதைவிட, அந்த இயந்திரத்துக்கு வேறு வழி தேடுவது மேல்.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பலன் இல்லாத மாற்றத்தை உடனே திருப்பிவிட வேண்டும், மாற்றும் முன் அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவைக்க வேண்டும். பகிர்வு திறந்ததும், சோதனைக்காகத் தளர்த்திய ஃபயர்வால் விதி, எஸ்இலினக்ஸ், அனுமதிகள் ஆகியவை பழைய நிலைக்கு வந்தனவா என்று பார்த்து, அவை வந்த பிறகும் பகிர்வு இயங்குகிறதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். கிளையன்டில் ‘என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்’ இயக்கினால், எந்தப் பதிப்பில் எந்தத் தெரிவுகளோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்பது தெரியும். அதைக் குறித்து வைத்துக்கொள்வது அடுத்த முறை ஒப்பிட உதவும்.

கடைசியாக, இரண்டு கணினிகளையும் மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். கையால் தொடங்கிய சேவை சர்வர் எழும்போது தானாகத் தொடங்குகிறதா என்பதை ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு’ சொல்லும். கிளையன்டில், தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள மவுண்ட் வரியில் ‘நெட்டெவ்’, ‘நோஃபெயில்’ ஆகிய தெரிவுகள் இருந்தால், நெட்வொர்க் எழுந்த பிறகே மவுண்ட் முயற்சி நடக்கும்; சர்வர் அணைந்திருந்தாலும் கிளையன்ட் பாதியில் நிற்காமல் தொடங்கும்.